செம்படையாக நிற்க ஆளில்லை

சமோஷ்ச்,
13 மார்ச் 2022

அன்புத் தம்பி ஓரெஸ்துக்கு,

மிராவும் சோர்யாவும் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மூச்சு விட்டுக்கொள். எல்லையில் இரண்டு நாள் நின்றதில் மிராவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை. யோலா அவளை உட்கார வைத்து வெந்நீரில் காலை வைக்கச் சொல்லி, பீட்ரூட் சூப்பும் ரொட்டியும் கொடுத்தாள். வயிற்றில் மூன்று மாதம் என்று மிரா சொன்னதும் என் வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்று நினைத்துவிட்டாள். பதினோரு வருடப் பழக்கம், உன் மகள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியவன் நான், என்னிடமே நீ மூச்சு விடவில்லை. இதற்குக் கணக்கு பிறகு தீர்த்துக்கொள்கிறேன்.

காலியாக இருப்பது உடுப்பு அறை மட்டும்தான். சட்டைகளையும் கோட்டுகளையும் ஒரு பக்கம் ஒதுக்கிக் கட்டில் போட்டோம். உன் செம்படைக் கூம்புத் தொப்பியை சோர்யா கண்டுபிடித்துவிட்டாள். அப்பா வாசனை அடிக்கிறதாம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

அந்தத் தொப்பியால் நம் போர்க்காட்சிக் குழுவில் சண்டையே நடந்தது. செம்படை உடுப்புகளையெல்லாம் கொளுத்திவிடலாம் என்று போகுஷ் கூட்டத்தில் எழுந்து நின்றான். நான் விடவில்லை. 1920இல் எங்கள் ஊரை உங்கள் ஆட்களும் சேர்ந்து நின்று காத்தார்கள். அப்படியொரு போர் நடந்ததே எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாது, உங்கள் பள்ளியிலும் தெரியாது. அதை நடித்துக் காட்டத்தான் வருடா வருடம் ஆகஸ்டில் வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டு ஓடுகிறோம். உடுப்பைக் கொளுத்திவிட்டால் யாரிடமிருந்து காத்தோம் என்று காட்டுவது? போகுஷ் உட்கார்ந்துவிட்டான். ஆனால் இந்த வருடம் அதைப் போட்டுக்கொள்ள யாரும் முன்வர மாட்டார்கள் என்று எனக்கே தெரிகிறது. எதிரியாக நிற்க நீ ஒருவன்தான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறவன்.

போகுஷ் வாரம் ஒருமுறை வேனில் மருந்து ஏற்றிக்கொண்டு லுத்ஸ்க் போகிறான். உன் படைப்பிரிவு ஆட்கள் அங்கே வந்து வாங்கிப் போகிறார்களாம். போன் இல்லாத இடத்தில் நீ இருப்பதால் இனி கடிதம்தான். எங்கே இருக்கிறாய், என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று எழுது.

உன் அண்ணன்,
கயெதான்


5 ஏப்ரல்

அன்பு அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஈரக் கையால் பிரித்து மை கலைந்துவிட்டது. யோலா அண்ணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

எங்கே இருக்கிறேன் என்று எழுதக் கூடாது. என்ன வேலை என்று எழுதுகிறேன், ஆனால் அது உங்களோடு நிற்க வேண்டும். மிராவிடம் நான் படைக்கு ரொட்டி வண்டி ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊர் வொலோதிமிரில் அத்தனை வருடம் பேக்கரி வண்டி ஓட்டியவன்தானே, நம்பிவிட்டாள். உண்மையில் நான் முன்வரிசையில் ஒரு பதுங்குகுழியில் இருக்கிறேன். வாரம் ஒருமுறை பின்னால் அனுப்பும்போதுதான் போனைக் கையில் கொடுக்கிறார்கள். அப்போது எஞ்சின் சத்தம் கேட்கிற இடமாகப் பார்த்து நின்று பேசுகிறேன். இனி உங்களுக்கு எழுதுவதையெல்லாம் நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே அனுப்புகிறேன். எக்ஸ்ரே அறையிலேயே படித்துவிட்டு வையுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். மிரா கேட்டால் ரொட்டி வண்டி, அவ்வளவுதான். நீங்கள் ஆயிரம் பேரை வயலில் நிறுத்திப் போர் நடத்திக் காட்டுகிறவர். ஒரு ரொட்டி வண்டியை ஓட்டிக் காட்ட மாட்டீர்களா?

இங்கே வந்த அன்று அதிகாரி ஒவ்வொருவனையும் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார். நான் சொன்னேன், "உண்டு சார், பதினோரு வருஷம் செம்படையில. ஒவ்வொரு ஆகஸ்டும் செத்தேன்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்.

என்னோடு குழியில் இருப்பவன் தெம்யான். கோவெல் பக்கத்து கிராமம், வெல்டர், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அம்மா மட்டும்தான். ராகமே இல்லாமல் பாடுவான். நிறுத்தச் சொன்னால் இன்னும் சத்தமாகப் பாடுவான்.

மிரா சாப்பிடுகிறாளா? புளிப்பு கேட்கிறாளா? சோர்யா வயிற்றில் இருந்தபோது ஊறுகாய் வெள்ளரிக்காயாகவே தின்றாள்.

உங்கள்,
ஓரெஸ்த்


சமோஷ்ச்,
24 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

போன வாரம் எங்கள் ஈஸ்டர், இன்று உங்களுடையது. சோர்யாவுக்கு இரண்டு ஈஸ்டர் கிடைத்த சந்தோஷம். இரண்டு தடவை முட்டைக்கு வண்ணம் பூசினாள். மிரா வெள்ளரிக்காயை ஜாடியோடு காலி செய்கிறாள். இந்தச் செய்திகளை எழுதும்போது எனக்குக் கை தயங்கவில்லை.

ரொட்டி வண்டி விஷயத்தில்தான் நீ என்னை நன்றாக மாட்டிவிட்டாய். சாப்பாட்டு மேசையில் மிரா கேட்கிறாள், அங்கே ரொட்டியை எங்கே சுடுகிறார்கள், எத்தனை மணிக்கு ஏற்றுகிறார்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்து வருகிறார் என்று. ஒரு பழைய சர்க்கரை ஆலையில் அடுப்பு போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டேன். தலைமை ரொட்டிக்காரருக்கு மூட்டுவலி என்றும் சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யோலாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் நான் உளறுவது தெரிந்து மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். மிரா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் நம்பினாளா இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

வயலில் பொய் சொல்வது வேறு. அங்கே பார்க்க வந்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும், தெரிந்துதான் வேலி ஓரம் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். என் வீட்டு மேசையில் அப்படி இல்லை. இதை ரொம்ப நாள் என்னால் இழுக்க முடியாது, சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் காட்சியை நடத்துவதா என்று இன்னும் முடிவாகவில்லை. வருகிறவர்களிடம் உங்கள் படைப்பிரிவுக்கு மருந்து கேட்கலாம் என்று போகுஷ் சொல்கிறான். அது நல்ல யோசனை. செம்படையாக நிற்கத்தான் ஆளில்லை. ஆள் கேட்டால் எல்லாரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள்.

உன்,
கயெதான்


15 மே

அன்பு அண்ணாவுக்கு,

தெம்யான் தூங்குகிறான், நான் எழுதுகிறேன். வெளியே நல்ல வெயில்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் இத்தனை வருடம் செத்த விதமெல்லாம் தப்பு. நினைவிருக்கிறதா, ரயிலடிப் பக்கம் ஓடி வந்து, குண்டு பட்டதும் ஒரு நொடி நிமிர்ந்து நின்று, துப்பாக்கியை நழுவவிட்டு, முழங்காலில் விழுந்து, அப்புறம் முகம் குப்புற. கூட்டம் கைதட்டும். நீங்கள் அதை எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே கண்ணாடி முன்னால் நின்று பழகியது. இங்கே போன வாரம் ஒருவன் ஷூ நாடா கட்டக் குனிகிறவன் மாதிரி உட்கார்ந்தான். நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். நான் அவனிடம் சூப்பு டப்பாவை நீட்டினேன். வாங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, அண்ணா. அதை வைத்து எந்த வயலிலும் காட்சி நடத்த முடியாது.

அதற்குப் பிறகு நான் குனிந்துதான் நடக்கிறேன். எழுந்து நின்று பார்க்க ஆசை வந்தால் மிராவின் வயிற்றை நினைத்துக்கொள்கிறேன். தெம்யான் கிண்டல் செய்கிறான், "உனக்கு மட்டும் ரெண்டு உயிரா?" என்று. ஆமாம் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறது. இந்தக் குழந்தை இல்லையென்றால் நான் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க மாட்டேன். சோர்யாவுக்கு என் முகம் தெரியும், என் குரல் தெரியும். இதற்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஒருமுறையாவது என்னை அது பார்த்தாக வேண்டும்.

பெண் என்றால் யரீனா. பையன் என்றால் மிராவின் அப்பா பெயர். உங்கள் பெயர் வைக்க மாட்டேன், எங்கள் தெருவில் அதை ஒருவரும் சரியாகக் கூப்பிட மாட்டார்கள்.

உதைக்க ஆரம்பித்துவிட்டதா? மிரா போனில் ஒன்றும் சொல்வதில்லை, நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறாள். நீங்கள் எழுதுங்கள்.

உங்கள்,
ஓரெஸ்த்


சமோஷ்ச்,
6 ஜூன்

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு, என் தலையில் இரண்டு பேர் வேலை.

மிராவும் சில நாள் அங்கே இருந்தாள். ரத்தம் குறைவு என்றார்கள். யோலா கூடவே இருந்தாள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். நன்றாகத் தூங்குகிறாள், கொஞ்சம் அதிகமாகவே தூங்குகிறாள். நீ போனில் பேசும்போது கேள்வியாகக் கேட்காதே, சோர்யாவைப் பற்றிப் பேசு.

சோர்யா போலிஷ் மொழியில் என்னைத் திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். தோட்டத்தில் ஸ்ட்ராபெரி இந்த வருடம் கொட்டுகிறது. கொட்டகைக் கூரை ஒழுகுகிறது, தகரம் மாற்ற வேண்டும். காட்சியை நடத்துவது என்று முடிவாகிவிட்டது, ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. குதிரைக்காரர்கள் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நீ குனிந்தே நட. அதை மட்டும் விடாதே, தம்பி.

உன்,
கயெதான்


10 ஜூலை

அன்பு அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் எக்ஸ்ரே அறையில் உரக்கப் படிக்கலாம், அவ்வளவு நல்ல செய்தி.

எங்கள் பிரிவில் ஒவ்வொருவராகப் பத்து நாள் விடுப்பு விடுகிறார்கள். என் முறை ஆகஸ்ட், தெம்யான் முறை செப்டம்பர். நான் அவனைக் கெஞ்சிக் கூத்தாடி மாற்றிக்கொண்டேன். ஆகஸ்டில் அவன் போகிறான், செப்டம்பரில் நான். அம்மாவோடு உருளைக்கிழங்கு தோண்டப் போவதாகச் சொல்கிறான், இப்போதே பையில் துணி அடுக்கிவிட்டான். நாட்டை விட்டு வெளியே வர எனக்கு அனுமதி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் மிரா செப்டம்பர் முதல் வாரம் லுத்ஸ்க் வந்துவிட வேண்டும். அங்கே என் அக்கா வீட்டில் தங்கலாம், ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். குழந்தை பிறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். போகுஷின் வேனில் அவளைப் பத்திரமாகக் கொண்டுவந்து விடுவது உங்கள் பொறுப்பு.

ஆகஸ்ட் எங்களுக்கு மோசமாக இருக்கும் என்று சொல்கிறார்கள். பரவாயில்லை. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும். இதை மிராவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அவள் முகத்தை மட்டும் நீங்கள் பார்த்து எழுதுங்கள்.

சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கிறது.

உங்கள்,
ஓரெஸ்த்


சமோஷ்ச்,
16 ஜூலை

ஓரெஸ்த்,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. தெம்யானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

குழந்தை இல்லை, தம்பி. மே மாதக் கடைசியில் போய்விட்டது. மிரா காலையில் எழுந்தாள், வலிக்கிறது என்றாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். டாக்டர்கள் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். நான் இரண்டு மாடி கீழே யாரோ ஒருவருடைய விலா எலும்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், யோலா வந்து கதவைத் தட்டினாள். பெண் குழந்தை. எங்கள் குடும்பக் கல்லறையில், என் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். நீ சொன்ன பெயரைத்தான் போட்டிருக்கிறோம். அந்தப் பெயரை உன் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியும். மிராவே அதைச் சொன்னபோது நான் அப்போதுதான் கேட்பதுபோல் நின்றேன்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன். மிரா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சொல்லாதீங்க அண்ணா. அவர் அந்தக் குழந்தைக்காகத்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்கார். அது இல்லேன்னு தெரிஞ்சா நிமிர்ந்துடுவார். எனக்கு அவரைத் தெரியும்."

நான் ரொட்டி வண்டியைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அவள் சொன்னாள், "ரொட்டி வண்டி ஓட்டறவர் போன்ல மூச்சை அடக்கிப் பேச மாட்டார். முதல் வாரமே தெரியும். நீங்க மூட்டுவலிக்காரரைப் பத்திச் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவர் நிம்மதிக்கு நான் நம்பினேன். என் நிம்மதிக்கு நீங்க வாயை மூடிக்கங்க."

இரண்டு பேரும் என்னை நடுவில் நிறுத்திவிட்டீர்கள். நான் மூடிக்கொண்டேன். ரத்தம் குறைவு என்று உனக்கு எழுதினேன். உன் கடிதத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எக்ஸ்ரே அறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நீ அவளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாய், நான் கல்லில் பெயர் வெட்டிவிட்டு வந்து அதை மறுபடி எடுத்துப் படிக்கிறேன். போன வாரம் நீ போனில் செப்டம்பர் என்று சொன்னபோது மிரா சரி என்றாள், வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னமும் சொல்லக் கூடாது என்றுதான் சொல்கிறாள். இதை அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

நீ ஒழுங்காக ஆகஸ்டில் விடுப்பில் வருவதாக இருந்திருந்தால் நான் இன்னும் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன். ஆனால் நீ இல்லாத குழந்தைக்காக ஆகஸ்ட் முழுக்க அந்தக் குழியில் இருக்கப்போகிறாய். ஆகஸ்ட் மோசம் என்று நீயே எழுதுகிறாய். இதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சொன்னால் நிமிர்ந்துவிடுவாய் என்று அவளுக்குப் பயம், சொல்லாவிட்டால் அங்கேயே கிடப்பாய் என்று எனக்குப் பயம். இரண்டில் ஒன்றை நான் எடுக்க வேண்டியிருந்தது.

உன் விடுப்பைத் திரும்ப வாங்கிக்கொள். மிராவுக்கு இப்போது நீ வேண்டும், செப்டம்பரில் இல்லை. அவள் சாப்பிடுவதில்லை. இங்கே நாங்கள் எவ்வளவு பேர் இருந்தாலும் அவள் யாரிடமும் அழவில்லை.

என்னைத் திட்டு, ஆனால் குனிந்து நட. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கயெதான்


சமோஷ்ச்,
30 ஆகஸ்ட்

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதவில்லை. பரவாயில்லை. நீ விடுப்பில் வந்ததே எனக்குப் போதும். லுத்ஸ்க்கிலிருந்து மிரா திரும்பி வந்த அன்று யோலா சட்டி அகலத்துக்கு உருளைக்கிழங்கு அடை சுட்டுப் போட்டாள், மிரா இரண்டு தின்றாள், அப்புறம் தட்டின் மேலேயே அழுதாள். நல்ல அழுகை. நீ அவள் தலையைத் தடவிக்கொண்டு முதல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாயாம். என்மேல் கோபமாக இருக்கிறாயா என்று கேட்டேன். "உங்க பேரை எடுக்கவே இல்ல" என்றாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

காட்சி நேற்று முன்தினம் நடந்தது. இவ்வளவு கூட்டம் வந்ததே இல்லை. மருந்துப் பெட்டிகள் போகுஷின் வேனில் கொள்ளவில்லை, இரண்டாவது வண்டி பிடித்தோம். 1920இல் எங்கள் ஊரைக் காத்த உங்கள் ஆட்களின் உடுப்பில் இந்த முறை இங்கே வந்து தங்கியிருக்கும் உங்கள் ஊர்ப் பெண்கள் ஆறு பேர் நின்றார்கள், ஆண்கள்தான் இல்லையே. அவர்கள் வயலுக்குள் நடந்து வந்தபோது வேலி ஓரம் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

செம்படையாக நிற்கக் கடைசிவரை ஒருவரும் வரவில்லை. நான் உன் கூம்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டேன். என் தலைக்குச் சிறிசு. ரயிலடிப் பக்கம் தனியாக ஓடி வந்தேன், ஐம்பத்தைந்து வயதில் மூச்சு வாங்குகிறது. வெற்றுத் தோட்டா வெடித்ததும், நீ எழுதினாயே, அந்த மாதிரி நாடா கட்டுகிறவன்போல் உட்கார்ந்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. யாருக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன். அப்படியே சாய்ந்து அரை மணி நேரம் புல்லில் கிடந்தேன். எறும்பு கடித்தது. கூட்டம் போன பிறகு போகுஷ் வந்து கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான்.

விடுப்பிலிருந்து போய்ச் சேர்ந்ததும் நாலு வரி எழுது. தெம்யானுக்கு என் அன்பைச் சொல். அவனுக்குப் போகுஷிடம் புகைபோட்ட தொத்திறைச்சி அனுப்பியிருக்கிறேன்.

உன்,
கயெதான்


9 செப்டம்பர்

கயெதான் அண்ணாவுக்கு,

தொத்திறைச்சி வந்தது. பிரிவில் பகிர்ந்து தின்றார்கள். தெம்யான் இல்லை.

உங்கள் கடிதத்தை ஜூலையில் படித்தபோது அவன் பக்கத்தில்தான் இருந்தான், நீங்கள் எழுதியிருந்தபடியே. நான் கேட்கக்கூட இல்லை. அவனே பையைத் திறந்து அடுக்கிய துணியை எடுத்து வெளியே போட்டான். "நீ போ. உருளைக்கிழங்கு எங்கேயும் ஓடிடாது" என்றான். நான் போனேன். நான் லுத்ஸ்க்கில் அக்கா வீட்டுச் சமையலறையில் மிராவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாளில் எங்கள் குழிமேல் குண்டு நேராக விழுந்தது. நான் திரும்பி வந்தபோது அந்த இடம் ஒரு பள்ளம். மிராவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். இந்த முறையாவது.

நீங்கள் அரை மணி நேரம் புல்லில் கிடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எழுந்துவிட்டீர்கள்.

உங்களால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். அது எனக்குத் தெரியும். நன்றி என்று எழுதப் பேனாவை எடுத்தால், மே மாதத்திலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் நீங்கள் இருட்டு அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வருகிறது. நான் சந்தோஷப்பட்டதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறீர்கள். சரி, அதை மன்னிக்கலாம் என்று பார்த்தால், ஏன் கடைசியில் வாயைத் திறந்தீர்கள் என்று தோன்றுகிறது. இன்னும் ஒரே ஒரு மாதம் மூடிக்கொண்டிருந்தால் தெம்யான் அவன் அம்மா வீட்டில் இருந்திருப்பான், நான் இங்கே இருந்திருப்பேன். எல்லாம் முடிந்திருக்கும். இப்படி நினைக்கிறவன் மிராவுக்குப் புருஷனாக இருக்கத் தகுந்தவனா என்றும் தோன்றுகிறது. நான் தூங்கி நாளாகிறது.

அவனுடைய அம்மா பெயர் பராஸ்கா. அவன் ஆகஸ்டில் ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. நான் போய்ச் சொல்ல வேண்டும். என் கால் போக மறுக்கிறது. சொல்ல வேண்டுமா, சொல்லாமல் விட வேண்டுமா? யாருக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று முடிவு செய்கிறவர் நீங்கள்தானே. சொல்லுங்கள்.

மிராவையும் சோர்யாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது தவிர எனக்கு எழுதாதீர்கள். நான் பதில் எழுத மாட்டேன்.

ஓரெஸ்த்


சமோஷ்ச்,
2 அக்டோபர்

அன்புத் தம்பி ஓரெஸ்துக்கு,

எழுதாதே என்றாய். ஆனால் ஒரு கேள்வி கேட்டிருந்தாய், அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. இருபது நாள் யோசித்தேன். சொல் என்று எழுதவும் எனக்கு யோக்கியதை இல்லை, சொல்லாதே என்று எழுதவும் இல்லை. அதனால் போகுஷின் வேனில் ஏறி, லுத்ஸ்க்கில் உன் பிரிவு ஆட்களிடம் வழி கேட்டுக்கொண்டு, நானே பராஸ்கா அம்மாவிடம் போய்விட்டு வந்தேன்.

பராஸ்கா அம்மா வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன். "வந்தது வந்துட்டே, அந்த மூட்டையைப் பிடி" என்றாள். பிடித்தேன். அவள் கொட்டக் கொட்ட நான் மூட்டை வாயைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை போனது, நான் மறைத்தது, அப்புறம் எழுதியது, என் கடிதத்தால்தான் அவள் மகன் ஆகஸ்டில் வீட்டுக்கு வரவில்லை என்பது. உன்னை நான் அந்தக் கதையில் எங்கேயும் முன்னால் நிறுத்தவில்லை.

அவள் வேலையை நிறுத்தாமல் கேட்டாள். மூட்டை நிறைந்த பிறகு மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"எனக்குத் தெரியும். போன் பண்ணினான். 'அம்மா, இந்த மாசம் வரலை. ஓரெஸ்துக்குக் குழந்தை தவறிப்போச்சு, அவன் போய்ப் பொண்டாட்டியைப் பார்க்கட்டும்'னான். நான்தான் சரிப்பான்னேன். வேண்டாம், நீ வான்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பான், என் பேச்சைத் தட்ட மாட்டான். நீ உன் கடுதாசியைச் சொல்றே. நான் என் வாயை என்ன பண்றது?"

நான் நிறைந்த மூட்டையின் வாயைக் கட்டினேன். அவள் அடுத்த மூட்டையை உதறி என் கையில் கொடுத்தாள். அதையும் நிரப்பினோம். பிறகு, "அந்தப் பொண்ணு எப்படி இருக்கு? சாப்பிடுதா?" என்று கேட்டாள். இப்போது சாப்பிடுகிறாள் என்றேன். உன்னைப் பற்றிக் கேட்டாள். தூங்குவதில்லை என்றும், வரப் பயப்படுகிறாய் என்றும் உள்ளதைச் சொன்னேன்.

"வரச் சொல்லு. எனக்கு அவனைத் திட்டணும்போல இருக்கு. எதுக்குன்னு தெரியலை, ஆனா திட்டணும். அதுக்கு ஆள் முன்னால வேணும்ல" என்றாள்.

மிராவுக்கு தெம்யானைப் பற்றி நான் சொல்லவில்லை. நீ கேட்டுக்கொண்டபடியே இருக்கிறேன். அவளாகக் கேட்டால் மட்டும் பொய் சொல்ல மாட்டேன், அது இனி என்னால் ஆகாது. எனக்கு நீ எழுத வேண்டாம். இதுதான் நானும் எழுதுகிற கடைசிக் கடிதம்.

கோவெல் பஸ் நிலையத்திலிருந்து வடக்கே போகிற பஸ்ஸில் ஏறு. தண்ணீர்த் தொட்டி தாண்டி இரண்டாவது நிறுத்தம். இறங்கி இடது பக்கத் தெருவில் போனால் நீலக் கதவு போட்ட வீடு. முன்பக்கம் தட்டாதே, பகலெல்லாம் அவள் பின்னால்தான் இருக்கிறாள், கேட்காது. சுற்றிக்கொண்டு பின்னால் தோட்டத்துக்குப் போ. இன்னும் பாதி வயல் தோண்டாமல் கிடக்கிறது. பனி விழுவதற்குள் போ.

உன் அண்ணன்,
கயெதான்